சத்துமாவுக்கு முன்னால் ஒரு ‘குழந்தை அமுது’: யார் இந்த ராஜம்மாள் தேவதாஸ்?

ஹோம் சயின்ஸ் படிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், சொந்தக்காரர்களிடமிருந்து வரும் அடுத்த கேள்வி எந்தக் காலத்திலும் மாறுவதில்லை. அப்ப சமையல் நல்லா வருமா என்பதுதான் அது. மூணு வருஷம் உயிர்வேதியியல், உடலியங்கியல், குழந்தை வளர்ச்சி, உணவு நுண்ணுயிரியல் என்று படித்துவிட்டு வந்தாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தப் பெண்ணிடம் சாம்பாரில் உப்பு சரியா என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ராஜம்மாள் தேவதாஸ். கோவையில் அவினாசிலிங்கம் காலேஜில் படித்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படாவிட்டாலும், அவர் வேலை செய்த துறையின் விளைவு உங்கள் வாழ்க்கையில் எங்கேயோ இருக்கிறது. பால்வாடியில் கொடுத்த உருண்டை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு, அங்கன்வாடியிலிருந்து அம்மா வாங்கி வந்த சத்துமாவுப் பாக்கெட் என ஏதோ ஒன்றை நாம் எல்லோரும் கடந்துதான் வந்திருக்கிறோம்.

செங்கத்திலிருந்து ஒஹையோவுக்கு

1919 ஏப்ரல் 7 அன்று, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கத்தில் பிறந்தவர் ராஜம்மாள். ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் அங்கே பிறந்த பெண் குழந்தை காலேஜ் வாசலை மிதிப்பதே அபூர்வம். ராஜம்மாள் சென்னை ராணி மேரி கல்லூரிக்குப் போனார். ஹோம் சயின்ஸ் படித்தார்.

அந்தப் படிப்பு அப்போது ரொம்பப் புதுசு. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியதே 1932-ல்தான். சென்னையில் பட்டப் படிப்பாக வந்தது அதற்கும் பத்து வருஷம் கழித்து. இன்றைக்கு டேட்டா சயின்ஸ் படிக்கிறேன் என்றால் வீட்டில் பெரியவர்கள் முழிப்பாங்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. ஒரே வித்தியாசம், பெயரில் ‘ஹோம்’ இருந்ததால் அப்பாக்கள் பயப்படவில்லை.

அங்கிருந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். முதுகலை, அதன் பிறகு முனைவர் பட்டம். சுதந்திரம் வந்து கொண்டிருந்த, வந்து முடிந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் கடல் தாண்டிப் போய் ஊட்டச்சத்தில் டாக்டரேட் வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

ஒஹையோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். கிராமத்துப் பிள்ளைகளுக்கான கிளப் என்கிற யோசனை அமெரிக்காவில் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது அந்த மாநிலம். 1902-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி.கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர், கிராமத்துப் பையன்களையும் பெண்களையும் சேர்த்து ஒரு கிளப் தொடங்கினார். மண்ணைப் பரிசோதிப்பது, மக்காச்சோளம் விதைத்து விளைச்சலைக் கணக்குப் போடுவது என்று வேலை. அதுதான் பின்னாளில் 4-ஹெச் இயக்கம் ஆனது. அதே கிரஹாம் 1905-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே விரிவாக்கப் பணிக்குப் பொறுப்பாளராகப் போனார். ராஜம்மாள் படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். வகுப்பில் படித்தது வயலுக்கும் அடுப்படிக்கும் போய்ச் சேரணும் என்பதை வேலையாகவே வைத்திருந்த இடம் அது.

பக்கத்து நாடான கனடாவில் இதே விஷயம் பெண்களுக்கென்று தனி வடிவம் எடுத்தது. அதன் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. ஹாமில்டனைச் சேர்ந்த அடிலெய்ட் ஹூட்லெஸின் கைக்குழந்தை 1889-ல் இறந்தது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். படித்த, வசதியான வீட்டிலேயே பால் எப்படிக் கெடும் என்று தெரியவில்லையே என்ற குற்ற உணர்வு அவரை மேடை ஏற்றியது. 1897-ல் ஸ்டோனி க்ரீக்கில் முதல் மாதர் சங்கம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, ஒன்டாரியோ கிராமங்களில் 1930-களிலிருந்து பெண் பிள்ளைகளுக்கான ‘ஹோம்மேக்கிங் கிளப்’கள் நடந்தன. தையல், காலைச் சாப்பாடு, பழங்களைப் பதப்படுத்துவது என்று ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பயிற்சி. கடைசியில் கண்காட்சி. முடித்த பெண்ணுக்கு ஒரு வெள்ளி ஸ்பூன்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண்களுக்கு வீட்டில் அடுப்பு இருந்தது, மாவு இருந்தது, மாட்டுக்கொட்டகையில் பால் இருந்தது. நம்ம ஊருக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியுமா?

நூறு ஊருக்கு ரெண்டு பேர்

நாடு திரும்பிய ராஜம்மாள் பரோடா பல்கலைக்கழகத்தின் ஹோம் சயின்ஸ் பிரிவில் பாடம் நடத்தினார். 1950-களின் பிற்பாதியில் மத்திய உணவு, விவசாய அமைச்சகத்தில் தலைமை மனையியல் அதிகாரி ஆனார். அந்தப் பதவியின் கனம் புரியணும்னா அந்தக் காலத்துச் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைப் பார்க்கணும்.

1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. சுமார் நூறு கிராமங்களைச் சேர்த்து ஒரு பிளாக். நாம் இன்றைக்கும் பிளாக் ஆபீஸ், பி.டி.ஓ. என்று சொல்கிறோமே, அதெல்லாம் இங்கிருந்து வந்ததுதான். ஒரு பிளாக்கில் விவசாயிகளிடம் பேச 10 கிராம சேவகர்கள். பெண்களிடம் பேச எத்தனை பேர் தெரியுமா? இரண்டே இரண்டு கிராம சேவிகாக்கள். அதாவது ஒருத்தருக்கு ஐம்பது ஊர். பஸ் போகாத ஊர்களில் நடையாகவோ மாட்டு வண்டியிலோ போய், பொழுதுக்கும் காட்டு வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்களைச் சாயங்காலம் கோவில் திண்ணையில் கூட்டி உட்கார வைக்க வேண்டும்.

அங்கே என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? புகையில்லா அடுப்பு ஒரு முக்கியமான பாடம். ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்தில் வடிவமைத்த மண் அடுப்பு அது. விறகுப் புகை கண்ணை எரிக்காமல் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். அப்புறம் கொல்லைப்புறத்தில் கீரை, முருங்கை, பப்பாளி. தண்ணீரைக் கொதிக்க வைப்பது. தையல். அம்மை குத்திக்கொள்ளச் சம்மதிக்க வைப்பது. மாதர் சங்கம் ஒன்றை உருவாக்கி, அடுத்த முறை தான் வரும் வரை அது கலைந்து போகாமல் பார்த்துக்கொள்வது.

இந்த வேலைக்கு ஆட்களைத் தயார் செய்யும் துறையின் உச்சியில் டெல்லியில் இருந்தவர்களில் ஒருவர் ராஜம்மாள். நாற்காலி பெருசு. அவர் அதை விட்டுவிட்டு 1960-களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்தார், ஒரு புதுக் கல்லூரிக்கு முதல்வராக.

அப்பாக்களை நம்பவைத்த பாடம்

அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூர்க்காரர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை 1930-ல் தொடங்கியவரும் அவரே. 1957-ல் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி ஆரம்பித்தபோது அவர் தேர்ந்தெடுத்தது ஹோம் சயின்ஸை.

இதைப் பிற்போக்கு என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். பெண்ணைப் படிக்க வைத்தும் அடுப்படிக்கே அனுப்புவதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1957-ல் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடு ஒன்றை நினைத்துப் பாருங்க. பெண்ணை இயற்பியல் படிக்க அனுப்புகிறேன் என்றால் தலையாட்டாத தாத்தா, மனையியல் என்றால் போயிட்டு வரட்டும் என்பார். உள்ளே போனால் அந்தப் பெண் கையில் கொடுப்பது சோதனைக் குழாயும் மைக்ரோஸ்கோப்பும். வெளியே வரும்போது அவள் ஆசிரியை, மருத்துவமனை டயட்டீஷியன், அரசாங்க அதிகாரி. பெயர்ப் பலகையில் வீடு என்று எழுதியிருந்ததுதான் வீட்டை விட்டு வெளியே வர வழி செய்தது. இது திட்டமிட்டு நடந்ததா, தானாக அமைந்ததா என்பது வேறு விவாதம். எனக்கு இரண்டும் கலந்தது என்றே தோன்றுகிறது.

ராஜம்மாள் வந்த பிறகு அது வெறும் பாடம் நடத்தும் இடமாக இல்லை. 1964-ல் கல்லூரியே ஊட்டச்சத்துக்கென்று ஒரு ஆய்விதழ் தொடங்கியது. இந்தியன் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் என்ற பெயரில் அது இன்றும் கோவையிலிருந்து வருகிறது. ஒரு பெண்கள் கல்லூரி, அதுவும் தலைநகரத்தில் இல்லாத ஒரு கல்லூரி, சொந்தமாக ஆய்விதழ் நடத்துவதை அந்தக் காலத்தில் யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

இதில் ஒரு பூகோளச் சுவாரஸ்யமும் இருக்கிறது. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்ததே கோவைக்கு மேலே, குன்னூரில். ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. பிறகு வந்த ஆய்க்ராய்ட் காலத்தில், 1937-ல், நம் கம்பிலும் ராகியிலும் கீரையிலும் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். 1958-ல் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறியது. அட்டவணை கையில் இருந்தது. ஆனால் காரமடையில் ஒரு தாய் நாளைக்குக் காலையில் குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதற்கு அட்டவணையில் பதில் இல்லை.

தண்ணிக் கஞ்சியும் சின்ன வயிறும்

ராஜம்மாள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். அதற்கு மேல் போதாது. ஆனால் பல வீடுகளில் ஒரு வயது வரைக்கும் தாய்ப்பாலோடு நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு வைத்த கஞ்சியைத் தெளித்து ஊட்டுவார்கள். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணிக் கஞ்சி குடித்தால் வயிறு நிறைந்துவிடும், அழுகை நின்றுவிடும், ஆனால் உடம்புக்கு வேண்டிய சக்தி வந்திருக்காது. அம்மாவுக்குப் பார்த்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது. எடைத் தட்டில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க நிதியுதவியோடு நடந்த ‘தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு’ம் தாய்ப்பாலிலிருந்து சோற்றுக்கு மாறும் இந்த வயதைத்தான் பெரிய ஆபத்துக் கட்டமாகச் சுட்டியது. அதே சமயத்தில், 1972-ல், தமிழ்நாட்டின் ஊட்டச்சத்து நிலைமை பற்றி ராஜம்மாள் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1974-ல் அவரும் அவருடைய குழுவும் ஒரு மாவுக் கலவையைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். பெயர் ‘குழந்தை அமுது’.

என்ன இருந்தது அதில்? சோளமோ, மக்காச்சோளமோ, ராகியோ, அந்தந்த ஊரில் விளையும் தானியம். வறுத்த பச்சைப்பயறு. வறுத்த நிலக்கடலை. வெல்லம். அவ்வளவுதான்!

சாதாரணமாகத் தெரிகிறது இல்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தானியத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது நிறைய. பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் தானியத்தில் கிடைக்கும். ரெண்டையும் சேர்த்தால் பாலோ முட்டையோ வாங்க முடியாத வீட்டிலும் புரதத்தின் தரம் கூடும். கடலையில் இருக்கும் எண்ணெய், கொஞ்ச மாவிலேயே நிறைய சக்தியை அடக்கிவிடும், சின்ன வயிற்றுக்கு அதுதான் தேவை. வறுப்பதால் மாவு சீக்கிரம் கெடாது, சுலபமாகச் செரிக்கும். வெந்நீரில் கலந்தால் நிமிஷத்தில் தயார்.

அந்த நிமிஷக் கணக்கு முக்கியம். விடிகாலையில் பருத்திக் காட்டுக்கோ மில்லுக்கோ கிளம்பும் அம்மா, பிள்ளையை அமுச்சியிடம் விட்டுவிட்டுப் போவாள். கண் சரியாகத் தெரியாத அமுச்சி அடுப்புப் பற்ற வைத்துத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்கினால் போதும். வெளிநாட்டு டப்பா உணவுகளின் விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வீடுகளுக்குச் சந்தையில் கிடைக்கும் நாலு பொருளில் பதில் சொன்னது அந்தக் கலவை.

இதே பாணியில்தான் மற்ற ஆய்வுகளும் இருந்தன. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் பார்வையே போகும். மாத்திரை, சொட்டு மருந்து என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, பப்பாளியும் கீரையும் கொடுத்தால் சின்னக் குழந்தைகளின் உடம்பு அதிலிருந்து எவ்வளவு சத்தை எடுத்துக்கொள்கிறது என்று 1980-ல் அவருடைய குழு ஆய்வு வெளியிட்டது. கிராம சேவிகா ஏன் கொல்லையில் பப்பாளி நடச் சொன்னார் என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஆதாரம் அது.

அறியாமையா, வறுமையா?

இனிக் கொஞ்சம் சங்கடமான பகுதி.

ஹோம் சயின்ஸ் துறை மேலே ஒரு பழைய விமர்சனம் உண்டு. குழந்தை மெலிந்து போவதற்குத் தாய்க்கு விவரம் தெரியாததுதான் காரணம் என்று அந்தத் துறை நினைக்கிறது, கூலி குறைவு என்பதைப் பேசுவதே இல்லை என்பது அந்த விமர்சனம். பச்சைப்பயறு சேர்க்கச் சொல்வது சுலபம். வாங்கக் காசு? அதோடு, குழந்தைக்கான பொறுப்பு முழுவதையும் அம்மா தலையிலேயே வைக்கிறீர்களே, அப்பா எங்கே என்றும் கேட்டார்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஆண்களை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்த விமர்சனத்திலிருந்து ராஜம்மாளை முழுசாக விடுவிக்க முடியாது. அவருடைய எழுத்தும் பணியும் பெரும்பாலும் தாய்க்குக் கற்றுக்கொடுப்பது என்பதை மையமாக வைத்தே நகர்ந்தன. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜர் காலத்து மதிய உணவு ஏற்கெனவே இருந்தது. ஆனால் இது அளவில் வேறு, பள்ளிக்கு வராத 2 வயதுக் குழந்தைக்கும் சேர்த்து. பணம் எங்கிருந்து வரும், ஓட்டுக்காகச் செய்வது, சோறு போட்டால் படிப்பு வருமா என்று பொருளாதாரம் படித்தவர்களே எதிர்த்த நேரம் அது. ராஜம்மாள் ஆதரவுப் பக்கம் நின்றார். திட்டத்தைப் பற்றி நூல் எழுதினார், மதிப்பீடு செய்தார். மாண்புமிகு முதல்வர் என்ற சொற்களோடு தொடங்கும் அந்த நூலின் தலைப்பு இன்று படிக்கும்போது கொஞ்சம் நெளிய வைக்கிறது, உண்மைதான். அரசாங்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றால் கறாரான விமர்சனம் எழுதுவது கஷ்டம்.

அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், அடுப்படியை அம்மாவின் தனிப் பொறுப்பாகப் பார்த்த ஒரு துறையைச் சேர்ந்தவர், குழந்தையின் தட்டுக்கு அரசாங்கமே பொறுப்பு என்கிற திட்டத்துக்கு அறிவியல் பக்கபலமாக வந்து நின்றிருக்கிறார். நிறையப் பெண்கள், அதிலும் கணவனை இழந்தவர்கள், ஆதரவில்லாதவர்கள், அந்த மையங்களில் சமையலர்களாகவும் பொறுப்பாளர்களாகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். வீட்டில் காசில்லாமல் செய்த அதே வேலைக்கு வெளியே முதல் முறையாகச் சம்பளம். ரொம்பக் குறைந்த சம்பளம்தான். அதற்காக இன்றைக்கும் அவர்கள் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெயர் மாறும் பாடம்

1988-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ராஜம்மாள் பின்னாளில் அதன் வேந்தராகவும் இருந்தார். மாநிலத் திட்டக் குழு, மகளிர் ஆணையம் இரண்டிலும் உறுப்பினராக இருந்தார். 1992-ல் பத்மஸ்ரீ. 2002 மார்ச் 17 அன்று, 83-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காலமானார்.

அவர் கட்டிக் காத்த பாடத்தின் பெயர் இப்போது மெல்ல மாறிவருகிறது. ஹோம் சயின்ஸ் என்றால் பிள்ளைகள் சேருவதில்லை, சமையல் வகுப்பு என்று நினைக்கிறார்கள் என்ற காரணத்தோடு, வேளாண் பல்கலைக்கழகங்களில் அது கம்யூனிட்டி சயின்ஸ், அதாவது சமுதாய அறிவியல் ஆகிவிட்டது. மதுரையில் இருந்த மனையியல் கல்லூரிக்கும் பலகை மாறியாச்சு. கோவை அவினாசிலிங்கத்தில் இப்போது பொறியியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கூட இருக்கின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரில் ஹோம் சயின்ஸ் அப்படியே இருக்கிறது. காரமடைப் பக்கம் விவேகானந்தபுரத்தில் அந்த நிறுவனம் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இன்றும் கிராமத்துப் பெண்கள் பயிற்சிக்கு வந்து போகிறார்கள். சிறுதானியத்தில் மாவு, பிஸ்கெட் என்று செய்து விற்பது வரை அவர்களின் கணக்கு இப்போது விரிந்திருக்கிறது.